துவைக்கும் கல்லில் ஒரு வீரன்

சேலம் என்றதும் முதலில் மாம்பழம் ஞாபகத்துக்கு வரும்; அடுத்தபடி ஏற்காடு. நீங்களும் சேலத்தில் இறங்கியவுடன் மலைக்குப் போகும் பஸ் எங்கே என்றுதான் விசாரிப்பீர்கள். சற்றுப் பொறுங்கள்! ஒரு மணி நேரம் ஒதுக்கி, சேலம் அரசு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் மலை ஏறுங்கள்.

1979 முதல் அரசின் பொறுப்பில் நடந்துவரும் காட்சிசாலை இது. 1851-ல் தோன்றிய சென்னை மியூசியத்தின் பிரும்மாண்டத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் சிற்பங்களையும் சுவடிகளையும் பார்த்துக்கொண்டே வரும்போது, நடுகற்களுக்கு எதிரே உங்கள் கால்கள் தாமாகவே நின்றுவிடும்.

பழைய சேலம் ஜில்லா, நடுகல்லுக்குப் பேர்போன சீமை. 1965-ல் பிரிந்துபோன தர்மபுரிப் பக்கத்தில் இன்னும் அதிகம். மாடுகளைக் கவர்ந்து செல்ல வந்தவர்களை எதிர்த்து நின்று மாண்டவனுக்கு ஊரார் கல் நட்டார்கள். கையில் வில்லும் வாளுமாக அவன் நிற்பான். சில கற்களில் காலடியில் மாடுகளும் உண்டு. எந்த அரசன் காலம், எந்த ஊர், யாருடைய மகன் என்று வட்டெழுத்தில் பொறித்திருப்பார்கள். அரசர்களுக்குச் செப்பேடு இருக்கிறது, கோயில் இருக்கிறது. மாட்டுக்காக உயிர் விட்டவனுக்கோ, அந்த ஒரே கல்தான் சரித்திரம்!

இனி மலைக்குப் போகலாம். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த புரூஸ் பூட் துரை, சேர்வராயன் மலையில் ஒரு வேடிக்கையைக் கண்டார். வழவழப்பாகத் தீட்டப்பட்ட புதிய கற்காலக் கோடரிகளைப் பிள்ளையார் சந்நிதியில் வைத்து மலைவாசிகள் கும்பிட்டுவந்தார்கள்! பூட் சேகரித்த பொருள்கள் 1904-ல் சென்னை மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1912-ல் கல்கத்தாவில் காலமான அவருடைய அஸ்தி, ஏற்காட்டுத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது.

கோடரிகளைப் பக்தி காப்பாற்றியது. கும்பிட ஆளில்லாத கல்லின் கதி என்ன? கிணற்றடியில் துவைக்கும் கல்லாகும், வாய்க்காலுக்குப் பாலமாகும். எழுத்து தேய்ந்துவிட்டால் அந்த வீரன் இரண்டாம் முறை சாகிறான். அதற்காகத்தான் அருங்காட்சியகம் வேண்டியிருக்கிறது.

மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்லுகிறது. சட்டம் கிடக்கட்டும், ஊருக்குப் போனால் உங்கள் வீட்டுத் துவைக்கும் கல்லை ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். உருவமோ எழுத்தோ தென்பட்டால் கிராம நிர்வாக அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அங்கே நிற்பவன் உங்கள் பாட்டனுக்குப் பாட்டனாகவே இருக்கலாம், யார் கண்டது?