வந்து சேர்ந்தவருக்கும் ஓய்வு வேண்டும்



மலைச் சைக்கிள் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. ஒலிம்பிக்கில் நடைபெறும் வகையைச் சேர்ந்த பந்தயத்தில், நான்கு முதல் ஆறு கிலோமீட்டர் நீளமுள்ள கரடுமுரடான பாதை ஒன்றை வீரர்கள் பலமுறை சுற்றி வர வேண்டும். முன்னணியில் செல்பவர் முதல் சுற்றை எவ்வளவு நேரத்தில் முடிக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் 80 சதவீத அளவுக்கு எவர் பின்தங்கிவிடுகிறாரோ, அவர் அந்தச் சுற்றோடு பந்தயத்திலிருந்து விலக்கப்படுவார். முதல் வீரருக்குச் சுற்று ஒன்றுக்கு 15 நிமிடம் ஆகிறது என்றால், 12 நிமிடம் பின்தங்கியவர் வெளியேற வேண்டியதுதான்.

இதை இரக்கமற்ற விதி என்று நான் சொல்லமாட்டேன். பாதை குறுகலானது, ஒருபுறம் பாறை, மறுபுறம் சரிவு. முன்னணி வீரர் ஒரு சுற்றைக் கூடுதலாக முடித்துக்கொண்டு பின்னாலிருந்து வந்துவிட்டால், களைத்துத் தள்ளாடும் ஒருவர் அவருக்கு வழிவிடுவதும் கடினம், அவரைக் கடந்து செல்வதும் ஆபத்து. விலக்கப்பட்டவரின் பெயரும் முடிவுப் பட்டியலில் இடம்பெறுகிறது. எத்தனை சுற்று குறைவு என்ற குறிப்பு மட்டும் பக்கத்தில் இருக்கும். பந்தயத்துக்கு இது நியாயமான விதி. ஆனால், பந்தயம் முடிந்து வீடு திரும்பிய பிறகும் இந்த விதியை நாம் கையோடு வைத்திருக்கிறோமா என்பதைத்தான் இந்த வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

சனிக்கிழமை காலைகளில் நம் சபையின் வாலிபர் சிலரோடும் நடுத்தர வயதினர் சிலரோடும் நான் சைக்கிளில் செல்வதை உங்களில் பலர் அறிவீர்கள். "ஐயாவுக்கு இந்த வயசுல இது எதுக்குங்க?" என்று அன்போடு கேட்டவர்களும் உண்டு. உடல்நலம் ஒரு காரணம். அதைவிட, ஒருவரோடொருவர் சேர்ந்து நடப்பது எப்படி என்பதை அந்தப் பாதைகளில் கற்றுக்கொள்கிறேன் என்பதே உண்மையான பதில்.

இந்த விளையாட்டு பிறந்த கதையைக் கேளுங்கள். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மாரின் வட்டாரத்து நண்பர்கள் சிலர் பழைய கனத்த சைக்கிள்களைச் செப்பனிட்டு மலைத் தடங்களில் சுற்றித் திரிந்தார்கள். தங்களுக்குள் வேகமானவர் யார் என்ற பேச்சு எழுந்தது. அதைத் தீர்த்துக்கொள்ள 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள மலைச்சரிவில் ஒரு பந்தயம் வைத்தார்கள். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும் அந்தக் காலத்துப் பிரேக்கில் இருந்த கிரீஸ், கீழே வந்து சேர்வதற்குள் சூட்டில் எரிந்து புகைந்துவிடும். புதிதாகக் கிரீஸ் திணித்தால்தான் மறுபடி ஓட்ட முடியும். அப்படித் திணிப்பதைக் குறிக்கும் ‘ரீபேக்’ என்ற சொல்லே அந்தப் பந்தயத்துக்குப் பெயராயிற்று. 1990இல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் முதல் அதிகாரப்பூர்வ உலகப் போட்டி நடைபெற்றது; 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது இடம்பெற்றது. 2023 அக்டோபரில் ஆசியப் போட்டி முதன்முறையாக நம் நாட்டுக்கு வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடி மலையில் அது நிகழ்ந்தபோது, நம் வாலிபர்கள் அதைப் பற்றி வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வரலாற்றில் என் மனத்தைத் தொட்டது ஒன்று. முதலில் இருந்தது நட்பு. பந்தயம் அதற்குப் பின்னர் பிறந்தது. சேர்ந்து சுற்றியவர்கள்தாம் போட்டியிட்டார்கள். போட்டி முடிந்ததும் மறுபடி சேர்ந்து சுற்றினார்கள். எந்த நாள் பந்தய நாள், எந்த நாள் சவாரி நாள் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம் கொங்கு மண்ணில் இத்தகைய சவாரிக்கு மலை ஏறத்தான் வேண்டும் என்பதில்லை. நம் முன்னோர் நமக்கு இட்டேரிகளை விட்டுச் சென்றிருக்கிறார்கள். இரு தோட்டங்களுக்கு நடுவே, இருபுறமும் கிளுவை வேலி நிற்க, பிரண்டையும் கோவைக்கொடியும் படர்ந்து, மாட்டுவண்டி ஒன்று போகும் அகலத்தில் கிடக்கும் மண்பாதைதான் இட்டேரி. பேரூருக்கு மேற்கே தொண்டாமுத்தூர்ப் பக்கமும், கிழக்கே காங்கயத்துக் கொறங்காடுகளின் ஓரமாகவும் இன்றும் சில மிஞ்சியிருக்கின்றன. அவை உழவர்களின் வழிகள்; நாம் அங்கே விருந்தாளிகள். ஆடுமாடு வந்தால் நாம் இறங்கி நிற்கிறோம். புல்லுக்கட்டைச் சுமந்து வரும் அம்மாவுக்கு வழிவிடுகிறோம். மழை பெய்து மண் குழைந்திருக்கும் நாளில் அங்கே போவதில்லை. சக்கரம் பதித்த பள்ளம் காய்ந்து இறுகிவிட்டால் அவர்கள் வண்டிக்கு அது இடைஞ்சல். மலையடிவாரத்துக் காப்புக்காடுகளுக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம்; யானைகளின் வழியில் போய் நிற்பது உயிருக்கும் கேடு. ஆகவே வெளிச்சம் நன்றாக வந்த பிறகே புறப்படுகிறோம், ஊர்ப்பாதைகளிலேயே செல்கிறோம்.

இனி முக்கியமானதைச் சொல்கிறேன்.

குழுவாகச் செல்லும்போது பின்தங்குவது எப்படி நிகழ்கிறது என்பதைச் சற்றுக் கவனியுங்கள். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றை நீங்கள் அறிவீர்கள். மேற்கு நோக்கி ஓட்டினால் அது நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். ஒருவர் பின் ஒருவராக நெருங்கிச் செல்லும்போது, முன்னால் இருப்பவரின் முதுகு பின்னால் வருபவருக்கு மறைவாகிறது. ஒரு மேட்டில் ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது. முன்னவருக்கும் அவருக்கும் நடுவே மூன்று சைக்கிள் நீளம் இடைவெளி விழுகிறது. அந்தக் கணமே மறைவு போய்விட்டது. குழுவில் பலம் குறைந்தவர் எவரோ, அவரே இப்போது முழுக் காற்றையும் தனியாக வாங்குகிறார். முன்னால் போகிறவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு எளிதாக மிதிக்கிறார்கள்; அவர்களைவிட அதிகமாக உழைத்தும் அவர் மேலும் மேலும் பின்னால் போகிறார். பின்னால் வருபவர் சோம்பேறி என்று எண்ணுவது எத்தனை பெரிய தவறு என்பதை ஓர் இட்டேரியும் ஆடிக்காற்றும் போதிக்கும்.

நல்ல குழுக்கள் இதற்காகக் காத்திருக்கும். மேட்டின் உச்சியில், ஒரு வேப்பமரத்தடியில் நிற்கும். ஆனால் காத்திருப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அதை எனக்கு உணர்த்தியவர் நம் சபையின் சகோதரர் ஒருவர். ஐம்பதைக் கடந்தவர், பல ஆண்டுகள் வார்ப்படப் பட்டறையில் உழைத்தவர். மனைவியை இழந்த பிறகு, காலையில் வீட்டில் இருக்க முடியாமல் சைக்கிளை எடுத்தார். நம்மோடு சேர்வதற்கு முன் வேறொரு குழுவோடு சில வாரம் சென்று நிறுத்திவிட்டார். காரணம் கேட்டேன்.

"அவங்க மேல குத்தம் சொல்ல முடியாதுங்க ஐயா. ஒவ்வொரு மேட்டுலயும் எனக்காக நின்னாங்க. ஆனா நான் போய்ச் சேர்ந்ததும், ‘வந்துட்டாருப்பா, கிளம்பலாம்’னு கிளம்பிடுவாங்க. அவங்களுக்குப் பத்து நிமிசம் ஓய்வு. எனக்கு ஒரு வாய் தண்ணி குடிக்க நேரமில்லைங்க."

இந்த வார்த்தை என்னை வெகுநாள் சிந்திக்க வைத்தது. அந்தக் குழுவினர் நல்லவர்களே. உண்மையாகவே காத்திருந்தார்கள். ஆயினும் நடந்தது என்ன? ஓய்வு அதிகம் தேவைப்படாதவர்கள் அனைவரும் ஓய்வெடுத்தார்கள்; மிகவும் தேவைப்பட்ட ஒருவர் மட்டும் ஓய்வின்றிப் போனார். அடுத்த மேட்டில் அவர் இன்னும் பின்தங்கினார். அவர்கள் இன்னும் அதிகமாகக் காத்திருந்தார்கள். தாங்கள் பொறுமையாக இருக்கிறோம் என்று அவர்கள் நம்பினார்கள். தாம் அனைவருக்கும் பாரம் என்று இவர் நம்பினார். கடைசியில் ஒருநாள், "நீங்க போங்க, நான் மெதுவா வந்துக்கறேனுங்க" என்றார். அதற்குப் பின் அவர் வரவில்லை.

நம் குழுவில் கல்லூரியில் படிக்கும் தங்கை ஒருத்தி இருக்கிறாள், பந்தயங்களில் பங்கேற்பவள். இதைக் கேட்டவுடன் அவளே ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினாள். கடைசியாக வந்தவர் இறங்கி, தண்ணீர் குடித்து, மூச்சு சீராகி, ‘போகலாம்’ என்று தம் வாயால் சொன்ன பிறகே குழு புறப்படும். கால் துறுதுறுக்கும் இளைஞர்கள் நிழலில் சும்மா நிற்கத் தேவையில்லை. வந்த மேட்டில் திரும்பி இறங்கி, பின்னால் வருகிறவரோடு சேர்ந்து மறுபடி ஏறி வரலாம். வேகமானவனுக்கு இரட்டைப் பயிற்சி, களைத்தவருக்குக் காற்று மறைவும் பேச்சுத் துணையும். அவளிடம், "பந்தயத்திலும் இப்படி நிற்பாயா அம்மா?" என்று கேட்டேன். "நிக்க மாட்டேனுங்க ஐயா, நிக்கவும் கூடாது. அது பந்தயம். இது சனிக்கிழமை" என்றாள். இவ்வளவு தெளிவான பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆதியாகமம் 33ஆம் அதிகாரத்தில் யாக்கோபும் ஏசாவும் பல ஆண்டுப் பகைக்குப் பின் சந்திக்கிறார்கள். சேர்ந்தே பயணம் செய்வோம் என்று அண்ணன் அழைக்கிறான். நானூறு ஆட்களோடு வந்தவனுக்கு ஈடுகொடுத்துச் செல்வது பெருமைதான். யாக்கோபோ தன் பிள்ளைகளையும் பால்கொடுக்கும் ஆடுமாடுகளையும் எண்ணிப் பார்க்கிறான். ஒரே நாள் வேகமாக ஓட்டினாலும் மந்தை மாண்டுபோகும் என்று சொல்லி, அவற்றின் நடைக்கு ஏற்றபடி மெதுவாக வருவதாகக் கூறுகிறான். மாடு வளர்த்த கொங்கு நாட்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பின் வரும் சிறு செய்தியைக் கவனியுங்கள். சுக்கோத்துக்கு வந்ததும் அவன் தனக்கு ஒரு வீடு கட்டியதோடு, மந்தைக்கும் கொட்டகைகள் போட்டான். மெதுவாக நடத்தியதோடு அவன் நிறுத்தவில்லை. வந்து சேர்ந்தவற்றுக்கு இளைப்பாற இடமும் அமைத்தான்.

அன்பானவர்களே, நம் சபையில் நாம் காத்திருக்கத் தெரிந்தவர்கள்தாம். ஆனால் வந்து சேர்ந்தவருக்கு என்ன கொடுக்கிறோம்? துக்க வீட்டுக்கு முதல் வாரம் அத்தனை பேரும் செல்கிறோம். இரண்டாம் மாதம் அந்தச் சகோதரி ஆராதனைக்கு வந்து பின்வரிசையில் அமரும்போது, ‘தேறிவிட்டார்கள்’ என்று முடிவுகட்டி அன்றே பெண்கள் ஐக்கியத்தின் வேலையை ஒப்படைக்கிறோம். ஓராண்டாகக் காணாத குடும்பம் ஒரு ஞாயிறு வாசலில் வந்து நிற்கிறது. எந்தக் கடனும் எந்த அவமானமும் அவர்களை வீட்டில் உட்கார வைத்ததோ நமக்குத் தெரியாது. நாமோ, "என்னங்க, ஆளையே காணோம்?" என்று நாலு பேர் முன் கேட்கிறோம், சந்தாப் பாக்கிக் கணக்கை நினைவூட்டுகிறோம். பரீட்சையில் தோற்ற பிள்ளை மறுபடி புத்தகத்தைத் திறந்த அன்றே அடுத்த தேர்வைப் பற்றிப் பேசுகிறோம். எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்வதுதான். வந்தாயிற்றே, கிளம்பலாம் என்கிறோம். ஒரு வாய் தண்ணீருக்கு இடம் வைப்பதில்லை.

வேகமாக ஓட வரம் பெற்றவர்களை நான் குறை சொல்லவில்லை. பந்தய நாளில் முழுப் பலத்தோடு மிதியுங்கள். அந்தப் பலத்தையும் கொடுத்தவர் ஆண்டவரே. ஆனால் குடும்பத்தில் 80 சதவீத விதி கிடையாது. சபையிலும் கிடையாது. இங்கே யாரையும் சுற்றிலிருந்து விலக்கும் நடுவர் பணி நமக்குத் தரப்படவில்லை.

இந்த வாரத்துக்கு ஒரு சிறு காரியத்தை உங்கள் முன் வைக்கிறேன். உங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். வயதான தந்தையாக இருக்கலாம், வேலையிழந்த தம்பியாக இருக்கலாம். அவர் வந்து சேரும்போது எதுவும் கேட்காமல் உட்கார இடம் கொடுங்கள். எப்போது புறப்படுவது என்பதை அவர் சொல்லட்டும். முடிந்தால் மேட்டில் திரும்பி இறங்கிப்போய், அவருக்கு முன்னால் காற்றுக்கு மறைவாகச் சற்றுத் தூரம் மிதியுங்கள்.

ஆண்டவரே, எங்களில் வேகமானவர்களுக்குத் திரும்பி இறங்கும் மனத்தையும், களைத்தவர்களுக்கு ‘இன்னும் சற்று நேரம்’ என்று கூச்சமின்றிக் கேட்கும் துணிவையும் தாரும். ஆமென்.