பின் சீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?

ஃபைனல் இயர் வந்தாலே எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் கொல்லிமலை ட்ரிப் பேச்சு ஓடும். 70 கொண்டை ஊசி வளைவு, யாரோ ஒருத்தனோட அப்பாவின் பழைய கார், அதில் அஞ்சு பேர். "இன்சூரன்ஸ் இருக்காடா?"ன்னு கேட்டால், "தேர்ட் பார்ட்டி இருக்கு மச்சி"ன்னு பதில் வரும். அதோட பேச்சு முடிஞ்சிடும்.

நாமக்கல் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இந்த வார்த்தை புதுசு இல்லை. 2018 ஜூலையில் நாடு முழுக்க லாரிகள் நின்னப்போ, டீசல் விலை, டோல்கேட்டோட சேர்த்து தேர்ட் பார்ட்டி பிரீமியமும் போராட்டக் கோரிக்கையில் இருந்தது. லாரி பாலிசி பத்தி டீக்கடையில் மணிக்கணக்கா பேசற ஊர் இது. கார் பாலிசியைப் பிரிச்சுப் படிக்கிற வீடுதான் கம்மி.

பாலிசியில் முதல் பார்ட்டி வண்டி ஓனர், ரெண்டாவது இன்சூரன்ஸ் கம்பெனி. மூணாவது, நம்ம வண்டியால் ரோட்டில் அடிபடற ஆள். அவருக்காகத்தான் 1988 மோட்டார் வாகனச் சட்டம் இதைக் கட்டாயம் ஆக்கியிருக்கு. நம்ம பம்பர் நொறுங்கினால் இதில் ஒரு பைசா வராது. இது பலருக்குத் தெரியும்.

பின் சீட்டில் இருக்கிற ஃப்ரெண்டு கதைதான் தெரியாது. சட்டம் கேட்கிற குறைந்தபட்ச பாலிசி மட்டும் இருந்தால், தனியார் காரில் கூட வர்றவங்களுக்கு கம்பெனி பொறுப்பில்லை. காம்ப்ரிஹென்சிவ், அதாவது பேக்கேஜ் பாலிசி என்றால் உண்டு என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு. அப்போ அடிபட்டவன் வீட்டில் நஷ்டஈடு கேட்டு கேஸ் போட்டால்? அது ஓனர் தலையில் விழும். ஓனர் யாரு, நம்ம ஃப்ரெண்டோட அப்பா!

ஓட்டறவன் நிலைமையும் சுமார்தான். 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு ஒண்ணு இருக்கு, ஆனால் அது வண்டி யார் பேரில் இருக்கோ அந்த ஓனருக்கு மட்டும். மகன் ஓட்டினால் அவனுக்குக் கிடையாது.

புதுக் கார் வச்சிருக்கவங்களும் கொஞ்சம் பாருங்க. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்குத் தேர்ட் பார்ட்டி மூணு வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்கணும். ஓன் டேமேஜ் பகுதியைப் பலர் ஒரு வருஷத்துக்குத்தான் எடுக்கறாங்க. ஒரே பேப்பரில் ரெண்டு கடைசித் தேதி! தூரமா இருக்கிற தேதியைப் பார்த்துட்டு ரினியூவல் பண்ணாம விட்டால், போலீஸ் செக்கிங்கில் சிக்கல் வராது. புளியமரத்தில் மோதினால்தான் விஷயம் தெரியும். ஐடிவி, ஜீரோ டெப் எல்லாம் அதுக்கப்புறம் யோசிக்கலாம்.

அதனால் கிளம்பறதுக்கு முன்னாடி அந்தப் பிடிஎஃப்பை குரூப்பில் போடச் சொல்லுங்க. மேலே "லையபிலிட்டி ஒன்லி"ன்னு இருக்கா, "பேக்கேஜ்"னு இருக்கா? உள்ளே "அன்நேம்டு பாசஞ்சர்"னு ஒரு வரி இருக்கலாம். பேர் குறிப்பிடாத பயணிகளுக்கான விபத்துக் காப்பீடு அது. இல்லைன்னா அடுத்த ரினியூவலில் சேர்க்கச் சொல்லி அவங்க அப்பாகிட்ட பேசுங்க. அஞ்சு சீட்டுக்கும் சேர்த்தே சில நூறு ரூபாய்தான் ஆகும்.