சூட்டைச் சமாளிக்கிறவர்கள்

கோவை கணபதிப் பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் லேத் ஓடுகிற சத்தம் காதில் விழும். பம்புசெட்டுக்கும் பஞ்சாலைக்கும் உதிரிபாகம் கடைந்து பழகிய ஊர். கார் பந்தயப் பைத்தியம் இங்கே வேர் பிடித்ததற்கும் அந்தக் கைப்பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். பந்தய வீரர் கரிவரதன் இந்த ஊர்க்காரர்தான். செட்டிப்பாளையத்தில் இருக்கும் 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். நான் பார்க்கப் போனது பந்தயக் காரை அல்ல. ஆபீசுக்கும் கல்யாணத்துக்கும் போய்வருகிற, ஆனால் இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கேற்றிவிட்ட கார்களுக்குப் பிரேக் மாற்றித் தரும் ஒரு பட்டறையை. அடுத்தடுத்து மூன்று கார் நிறுத்தலாம், அவ்வளவுதான் இடம். முதலாளி, மேஸ்திரி இரண்டும் ஒருவரே. கூட இரண்டு பையன்கள்.

அன்று லிஃப்டில் நின்றது ஒரு போலோ ஜிடி. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். கம்பெனி கொடுத்தது 105 குதிரைத்திறன். இன்ஜின் மென்பொருளை மாற்றி ரீமேப் செய்தபிறகு அதைவிடக் கணிசமாகக் கூட. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் வேகமாக இறங்கியபோது, கடைசி வளைவுகளில் பெடல் மெத்தென்று உள்ளே போய்விட்டதாம். ஐ.டி. வேலையில் இருக்கும் உரிமையாளருக்கு முப்பது வயதிருக்கும். பெரிய டிஸ்க், சிவப்பு காலிபர், துளை போட்ட டிஸ்க் என்று போனில் படங்களோடு வந்திருந்தார்.

மேஸ்திரி படங்களைப் பார்க்கவில்லை. பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சி, ஒரு கண்ணாடிக் குப்பியில் விட்டுக் காட்டினார். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

“எப்பங்க மாத்துனீங்க?”

“மாத்தணுமாங்ணா?”

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரைக்குமாவது கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிபர் சூடாகி உள்ளேயிருக்கும் ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ் உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நாம் மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். “காரைக் குத்தம் சொல்லாதீங்க. இந்த ஆயிலோட எந்தக் காரும் இப்படித்தான் பண்ணும்” என்றார் மேஸ்திரி.

அதற்குமேல் அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது. “காரை நிறுத்தறது பிரேக் இல்லீங்க, டயரு. ஓங்கி மிதிச்சா ஏபிஎஸ் கடகடங்குதில்ல? அப்பப் பிரேக்குல பலம் போதுமானது இருக்குன்னு அர்த்தம். பெருசு போட்டா முதல் தடவை ஒரு அடிகூட முன்னாடி நிக்காது. பத்தாவது தடவையும் முதல் தடவை மாதிரியே நிக்கும். அதுக்குத்தான் காசு.”

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளோடு சேர்த்து 1,200 கிலோ இருக்கும் கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது வெளியாகும் வெப்பத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கொதிநிலைக்கு வந்துவிடும். 140-லிருந்து நின்றால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேகத்தின் வர்க்கத்தில் அல்லவா ஏறுகிறது. இன்ஜினை முறுக்கியவர் ஒவ்வொரு வளைவுக்கும் கூடுதல் வேகத்தோடு வந்து சேர்கிறார். பின்னாலும் பங்கு உண்டென்றாலும் சூட்டின் பெரும்பகுதி முன் டிஸ்க் இரண்டின் தலையில்தான் விழுகிறது. பெரிய டிஸ்க் என்றால் சூட்டை வாங்கிக்கொள்ள அதிக இரும்பு, ஆற்றிக்கொள்ள அதிகப் பரப்பு. இவ்வளவுதான் விஷயம்.

புதிய டிஸ்க் 312 மில்லிமீட்டர் விட்டம், 25 தடிமன். காலிபர், போலோவைத் தயாரித்த அதே குழுமத்தின் பெரிய கார் ஒன்றுடையது. மேஸ்திரி பழைய காலிபரின் பிஸ்டனையும் புதியதையும் வெர்னியரில் அளந்து காட்டினார், இரண்டும் 54. “இதைப் பாக்காம நாலு பிஸ்டன், ஆறு பிஸ்டன்னு வாங்கிட்டு வர்றாங்க. மாஸ்டர் சிலிண்டர் பழசு. பிஸ்டன் பரப்பு கூடுனா பெடல் ஆழமாப் போகும். முன்னாடி மட்டும் பிடி ஏறிப் பின்னாடி சும்மா உருளும்.”

காலிபரை நிறுத்த ஒரு பிராக்கெட் வேண்டும். அது கடையில் கிடைக்காது. அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு அடுத்த சந்தில் இருக்கும் பட்டறையில் எஃகில் கடைந்து வாங்கியிருந்தார்கள். பிரேக் தொழில் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-லிருந்து இருக்கிறது. ஆனால் தொழிற்சாலையில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு அளவுகோல், ஒரு சோதனை, ஒரு கையெழுத்து இருக்கும். இங்கே அத்தனையும் ஒரு மனிதரின் விரல்நுனியில் இருக்கிறது. இந்த வேலைக்கென்று தனிப் பாடத்திட்டமோ சான்றிதழோ இவர்களிடம் கிடையாது. இது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அந்த பிராக்கெட் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். “அதனாலதான் முதல்ல நான் ஓட்டுறேன்” என்றார்.

டிஸ்க்கை மாட்டும் முன் சின்னப் பையன் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ் வைத்துத் தேய்க்கத் தொடங்கினான். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. ஏர் அடித்து ஊதினால் நொடியில் முடிகிற வேலை. ஆனால் பிரேக் தூசியை ஊதுவதற்கு இங்கே தடை. கிளீனர் தெளித்து ஈரத்துணியால்தான் துடைக்கிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் லைனிங் காலத்தில் வேலை கற்றவர் மேஸ்திரி. அந்தத் தூசியைத் தின்ற மூத்தவர்களைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

டிஸ்க்கை வீல் போல்ட் போட்டு இறுக்கி, டயல் கேஜின் முனையை அதன் மேல் வைத்துச் சுற்றினார்கள். முள் 0.08 மில்லிமீட்டர் ஆடியது. 0.05-ஐத் தாண்டக் கூடாது என்பது அவர் கணக்கு. “கழட்டு கண்ணு, ஒரு ஓட்டை தள்ளி மாட்டு.” அடுத்த சுற்றில் 0.06. மறுபடி கழற்றியபோது ஹப்பின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குத் துரு ஒட்டியிருந்தது. பையன் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு மறுபடி தேய்த்தான். இப்போது முள் 0.03-ல் நின்றது. இது தவறினால் சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ஸ்டியரிங் உதறும், “டிஸ்க் நெளிஞ்சு போச்சு” என்று வந்து நிற்பார்கள். பெரும்பாலும் நெளிந்திருக்காது, சீரில்லாமல் தேய்ந்தோ, டிஸ்க்கில் உரசும் பேடின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டியோ இருக்கும்.

புது ஆயில் ஊற்றி, பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுப்பதில் பேச்சே கிடையாது, மூன்று சொற்கள்தான். “அமுக்கு. புடி. விடு.” உள்ளே ஒருவன் பெடலில், வெளியே ஒருவன் ஸ்பேனரோடு, தூரத்திலிருக்கும் பின் இடது சக்கரத்தில் தொடங்கி வரிசையாக. குமிழ் வருவது நின்ற பிறகும் மேஸ்திரி இன்னொரு சுற்று எடுக்கச் சொன்னார்.

மறுநாள் விடியற்காலை நீலாம்பூர் பைபாஸில் அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் வண்டி இல்லையென்று பார்த்துக்கொண்டு, 80-லிருந்து 20-க்கு அழுத்தமாகக் குறைப்பார், நிறுத்தமாட்டார், மறுபடி ஏற்றுவார். பேடிலிருந்து மெல்லிய படலம் டிஸ்க் முழுக்கச் சமமாகப் படிவதற்குத்தான் இந்தப் பாடு. சூடான நேரத்தில் பெடலை மிதித்தபடி நின்றுவிட்டால் பேடின் அச்சு அந்த இடத்திலேயே விழுந்துவிடும். நாலைந்து தடவைக்குள் கருகல் நெடி மூக்கில் ஏறியது. பிறகு பிரேக்கைத் தொடாமல் வெகுதூரம் ஓட்டி ஆறவைத்தார். திரும்பியதும் லிஃப்டில் ஏற்றி பிராக்கெட் போல்ட் ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்சில் மீண்டும் பார்த்தார்.

சாவி வாங்க வந்தவர் துளை போட்ட டிஸ்க்கைப் பற்றி இன்னொரு முறை கேட்டார். துளையோரத்தில் சூட்டில் விரிசல் விடும், மாட்டித் தரமாட்டேன் என்றார் மேஸ்திரி. சிவப்புப் பெயிண்டுக்கு மட்டும் இறங்கி வந்தார். ஆயிலை மாற்றிய தேதியை ஸ்டிக்கரில் எழுதி டப்பாமேல் ஒட்டி, மலைக்குப் போகிறவராக இருந்தால் வருஷா வருஷம் மாற்றச் சொன்னார்.

பில்லில் பெயிண்டுக்குப் போட்ட தொகை ஆயிலுக்குப் போட்டதைவிட அதிகம். உரிமையாளர் பேரம் பேசியது ஆயிலுக்கு.