புது வண்டிக்கு நுகம் பழக்கிய கதை

சிங்கப்பூர் போய் வந்தேன் என்றால் "என்ன வாங்கி வந்தீர்கள்?" என்று கேட்பதுதான் நம் தோட்டப்புறத்து வழக்கம். இந்த முறை நான் ஒன்றும் வாங்கி வரவில்லை, வாசகர்களே. தெம்பனிஸில் இருக்கும் என் தங்கை மகன் வாங்கியதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவன் வாங்கியது ஒரு புதுக் கார்.

"இதென்ன அதிசயம்? நம் பக்கம் லயத்து வாசலில்கூடக் கார் நிற்கிறதே" என்பீர்கள். அங்கே சமாசாரம் வேறு. 1990ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூரில் கார் வாங்க நினைப்பவர் முதலில் வாகன உரிமைச் சான்றிதழ் ஒன்றை ஏலத்தில் எடுத்தாக வேண்டும். அதற்கு ஆயுள் பத்தே வருஷம். 2023 அக்டோபரில் சிறிய ரகக் காருக்கான சான்றிதழ் மட்டும் 106,000 வெள்ளிக்குப் போயிற்று. காரின் விலை தனி! பத்து வருஷம் முடிந்ததும் மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இல்லையேல் வண்டியைக் கைகழுவ வேண்டும். ஆகவே அங்கே ஒரு வீட்டுக்குப் புதுக் கார் வருவது கல்யாணம் நடப்பது மாதிரி.

தெம்பனிஸ் என்பது உண்மையில் ஒரு மரத்தின் பெயர். கோடரிக்கு எளிதில் மசியாத, வைரம் பாய்ந்த மரமாம். காடும் சதுப்பும் மணல் தோண்டிய குழிகளுமாகக் கிடந்த இடத்தில் 1970களின் கடைசியில் அடுக்குமாடி வீடுகள் எழும்பத் தொடங்கின. இன்றைக்கு அங்கே நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வீடுதான். கார்களுக்கும் மாடி கட்டியிருக்கிறார்கள். நான்காம் மாடியில் நின்ற காரின் சக்கரங்களுக்கு என் தங்கை எலுமிச்சம்பழம் வைத்து, நசுங்கிய சாற்றைத் துப்புரவுக்காரர் பார்ப்பதற்குள் அவளே துணியால் துடைத்ததையும் பார்த்தேன்.

சண்டை மூன்றாம் நாள் வந்தது. என் மச்சான், அதாவது பையனின் அப்பா, குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். சொந்தமாக ஒரு சைக்கிளுக்கு மேல் வாங்கியதில்லை. இப்போது கண் பார்வை குறைந்து மகனோடு இருக்கிறார். அவர் சொன்னார்: "ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிற வரைக்கும் வண்டியில் ஆள் நிறைய ஏற்றாதே, விரட்டாதே." காரை விற்ற இளைஞரோ, "இந்தக் காலத்து எஞ்சினுக்கு அதெல்லாம் வேண்டியதில்லை" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பையன் யார் பேச்சைக் கேட்பான்?

அன்றைக்குத்தான் தோட்டத்திலிருந்து போன் வந்தது. மச்சானின் அக்காளுக்கு உடம்புக்கு முடியவில்லை. வயது எண்பத்தாறு. தாயில்லாத தம்பியை வளர்த்தவர். பால்மரம் சீவிய கூலியில் மிச்சம் பிடித்து அவருக்கு லாரி லைசன்ஸ் எடுத்துக் கொடுத்தவர். "பெரிய அத்தையைப் பார்க்க இப்பவே எல்லாரும் கிளம்புவோம், மூன்று மணி நேரத்தில் போய்விடலாம்" என்று குதித்தான் பையன். மச்சான் பதில் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காளையும் பார்க்க வேண்டும், மகன் கடன்பட்டு வாங்கிய வண்டியும் கெடக்கூடாது. அந்த மௌனம் எனக்குப் புரிந்தது.

நான் காரோடு வந்த கையேட்டை எடுத்துப் புரட்டினேன். அட, மச்சான் சொன்னதில் முக்கால்வாசி அதில் இருந்தது! முதல் 300 கிலோமீட்டர் வரை திடீர் பிரேக் போடக்கூடாது. 1,000 கிலோமீட்டர் வரை அதிவேகம் கூடாது, சடக்கென்று வேகம் எடுக்கக்கூடாது. இன்னொன்றும் இருந்தது: நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓட்டக்கூடாது.

காரணத்தை மச்சான்தான் விளக்கினார். எஞ்சினுக்குள் குழல் மாதிரி ஒரு பகுதி. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனைச் சுற்றி வளையங்கள். குழலின் உட்சுவரில் மெல்லிய குறுக்குக் கோடுகளை வேண்டுமென்றே கீறியிருப்பார்கள். வளையமும் சுவரும் உரசி உரசி ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எண்ணெய் மேலே கசிந்து எரியும், புகை தள்ளும். "புதிதாகக் கொத்திய அம்மியில் முதல் அரைப்பு மண்ணாக வரும், அதைக் கொட்டிவிட்டுத்தானே மிளகாய் வைக்கிறோம்? அதுபோலத்தான் அந்தக் காலத்தில் 500 மைலில் முதல் எண்ணெயைக் கொட்டுவோம். பின்னால் 'ரன்னிங் இன்' என்று எழுதிய அட்டையைக் கட்டிக்கொண்டு ஊர்ந்து போவோம். இளங்காளையை நுகத்தில் பழக்க முதலில் வெறும் வண்டியைத்தானே பூட்டுகிறோம்!"

இப்போது இயந்திர வேலை நுட்பமாகிவிட்டதால் அந்த ஊர்வலம் தேவையில்லை. ஒரேயடியாகப் பொத்திப் பொத்தி ஓட்டினாலும் வளையம் சரியாக அமராது. கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி ஓட்ட வேண்டும். மின்சாரக் காருக்கு வளையமே இல்லை. ஆனால் புது டயரும் புது பிரேக்கும் அதற்கும் உண்டே.

பையன் முதல் நாளே தெம்பனிஸ் விரைவுச்சாலையில் ஏறி, ஒரே சீராக 90இல் போய் வந்து, "எவ்வளவு பொறுமையாக ஓட்டினேன் பார்த்தீர்களா மாமா?" என்று கேட்டவன். சிராங்கூன் சாலைக்கு அர்ச்சனை செய்யப் போன ஞாயிற்றுக்கிழமைதான் வண்டிக்கு உண்மையான பாடம் நடந்தது. நின்று, நகர்ந்து, நின்று! தேக்காவில் வண்டி நிறுத்த இடம் தேடியதைச் சொன்னால் இந்தப் பக்கம் போதாது.

முடிவில் வழி சொன்னவர் மச்சானே. "மூன்று பேர் மட்டும் போவோம். மூட்டை வேண்டாம். ஜொகூர் போனதும் நெடுஞ்சாலையில் ஏறாதே, பழைய சாலையில் போ. ஊருக்கு ஊர் விளக்கு, வளைவு, லாரி. வேகம் தானாகவே ஏறி இறங்கும்." மறுநாள் விடியுமுன் புறப்பட்டோம். சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்டும்போது டாங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருந்தாக வேண்டும். 1991 முதல் அப்படி விதி. "மூட்டை வேண்டாம் என்றேன், சர்க்கார் ஏற்றிவிட்டது" என்று சிரித்தார் மச்சான். மூன்று நாளில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஸ்கூடாய், கூலாய், சிம்பாங் ரெங்கம் என்று போனோம். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு காதால் ஓட்டினார். "இப்போது விடு… கியர் தானாக மாறட்டும்… இப்போது மிதி." கூலாயில் பசியாறினோம். தோட்டத்து மண் சாலையில் திரும்பியதும் பேச்சு நின்றுவிட்டது. அவர் லாரி ஓட்டிய காலத்துப் பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன.

அக்காள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தம்பியின் முகத்தைத் தடவினார். பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்து காரிடம் வந்தார். கதவையோ கண்ணாடியையோ தொடவில்லை. குனிந்து டயரைத் தொட்டு, விரலை மூக்கருகே கொண்டு போனார்.

"பால் வாசம் இல்லையே தம்பி."

"அதெல்லாம் வேகவைத்துக் கருக்கிவிடுவார்கள் அக்கா. உள்ளே இருப்பது நீ சீவினதுதான்" என்றார் மச்சான்.

ஆலைக்கொட்டகை வரைக்கும் ஒரு சுற்றுப் போக வேண்டும் என்றார் அந்தம்மாள். முன் இருக்கையில் அவரை ஏற்றினோம். பின்னால் நானும் மச்சானும். ஆள் கணக்கு நாலாகிவிட்டது. பையன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். அவர் கதவைச் சாத்திக்கொண்டு, "ம், எடு" என்றார்.

வண்டி இருபதில் போயிற்று. அதுவே வேகம் என்றார் அக்காள்.