கரடி தூங்குது... ஓநாய் பாடுது!

'போலார் பார்க்'னு பேரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? வெள்ளை வெளேர்னு ஒரு பனிக்கரடி, பக்கத்துல கோட் போட்ட பென்குயின்... அதானே? எனக்கும் அதேதான் வந்துச்சு பாஸ். டிக்கெட் போட்ட பிறகுதான் தெரிந்தது, அங்கே அந்த ரெண்டுமே கிடையாது! பென்குயின் இருப்பது பூமியின் அந்தப் பக்கம். நார்வேயின் பனிக்கரடிகளோ கடல் தாண்டி ஸ்வால்பார்ட் தீவுகளில் இருக்கின்றன. 'சரி, பழுப்புக் கரடியாவது இருக்கே' என்று மனசைத் தேத்திக்கொண்டு வேனில் ஏறினால், கைடு அக்கா சிரித்துக்கொண்டே குண்டு போட்டார். "கரடிங்க எல்லாம் தூங்குது. ஏப்ரல்ல வந்தா பார்க்கலாம்."

ரெண்டு வார மளிகைக் காசு. போச்சு!

கொஞ்சம் பின்னாடி போவோம். நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். சொந்த ஊர் வால்பாறை. ஒரு செமஸ்டர் பரிமாற்றத் திட்டத்தில் நார்வேயின் நார்விக் ஊரில் படிக்கிறேன். 'ஆர்க்டிக் பல்கலைக்கழகம்' என்று கெத்தாகப் பேர் வைத்திருக்கும் யூஐடி-க்கு அங்கே ஒரு கேம்பஸ் இருக்கிறது. ஆர்க்டிக் வட்டம் 66.5 டிகிரியில் ஓடுகிறது. நார்விக் 68 டிகிரியையும் தாண்டி நிற்கிறது. ஆனாலும் துறைமுகம் உறைவதில்லை. அட்லான்டிக்கின் வெந்நீரோட்டம் செய்கிற உபகாரம். அதனால்தான் ஸ்வீடனின் கிருணா சுரங்கத்து இரும்புத்தாது நூறு வருஷத்துக்கும் மேலாக இந்த வழியாகக் கப்பல் ஏறுகிறது. 1940-ல் இதே துறைமுகத்துக்காக ஜெர்மனியும் நேச நாடுகளும் அடித்துக்கொண்டன.

போலார் பார்க் இருப்பது அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, பார்டு என்கிற பகுதியில். 1994-ல் திறந்தது. ஈ-6 நெடுஞ்சாலையில் போக வேண்டும். கடலை விட்டு உள்ளே போகப் போக வேன் கண்ணாடியில் இருந்த தெர்மாமீட்டர் இறங்கிக்கொண்டே வந்தது. மைனஸ் 5... மைனஸ் 9... மைனஸ் 14. வெந்நீரோட்டத்தின் மகிமை கடலோரத்தோடு சரி போல. நான் ஜீன்ஸ் போட்டுப் போயிருந்தேன். அங்கே ஒரு பழமொழி இருக்கிறதாம், 'கம்பளிதான் தங்கம்' என்று. நான் தகரம். அக்கா என் முழங்காலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஒரு கம்பளி உள்பேன்ட்டை எடுத்து நீட்டினார். உலகத்திலேயே நல்ல மனுஷங்க யாருன்னு கேட்டா, உடுப்பு கடன் கொடுக்கிறவங்கதான்.

முதல் நாள் ராத்திரி அம்மா போனில் கேட்டது: "ஏண்டி, காசையும் கொடுத்துட்டுக் குளிர்ல நிக்கப் போறியா? காட்டு மிருகம் பார்க்கணும்னா நம்ம லயன் வாசல்ல உக்காந்தா போதாதா?" அம்மா சொல்றது விளையாட்டுக்கு இல்லை. அதுக்கு அப்புறம் வருவோம்.

உள்ளே போனதும் முதலில் தெரிவது, எதுவுமே தெரியவில்லை என்பதுதான். நம்ம ஊர் ஜூ மாதிரி வரிசையாகக் கூண்டுகள் இல்லை. பிர்ச் மரங்களும் பாறையும் பனியுமாக நிஜக் காடு. அதில் பெரிய பெரிய துண்டுகளை வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே மிருகம் இருக்கும். அது காட்சி கொடுக்கணும்னு சட்டம் இல்லை. லின்க்ஸ் பூனையைக் கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிஷம் ஆச்சு. நான் பாறைன்னு நினைச்சுப் பார்த்துக்கிட்டு இருந்த பாறைதான் அது. காது நுனியில் குஞ்சம் மாதிரி கறுப்பு முடி, பனியில் புதையாமல் இருக்க தட்டு மாதிரி பாதம். என்னை ஒரு தடவை பார்த்தது. 'மெக்கானிக்கலா?' என்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வுல்வரின் என்றால் ஹக் ஜாக்மேன் உயரத்துக்கு எதிர்பார்த்துவிடாதீர்கள். கீரிப்பிள்ளைக்கும் குட்டிக் கரடிக்கும் பிறந்தது போல ஒரு உருவம். ஆனால் தன்னைவிடப் பல மடங்கு பெரிய பனிமானைக் கூட ஆழமான பனியில் மடக்கிவிடுமாம். ஆர்க்டிக் நரி பஞ்சு உருண்டை மாதிரி சுருண்டு கிடந்தது. அதன் தோலுக்காக வேட்டையாடித் தீர்த்தே விட்டார்கள். 1930-லேயே நார்வேயில் பாதுகாப்புச் சட்டம் வந்தும் தொண்ணூறு வருஷமாக இன்னும் முழுசாகத் தேறவில்லை. குட்டிகளை வளர்த்துக் காட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள்.

தூங்கும் கரடியைப் பார்க்க முடியாதே தவிர, அதைப் பற்றிக் கேட்கலாமே! அஞ்சாறு மாசம் சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, ஒண்ணுக்குக்கூடப் போகாது. இதயம் நிமிஷத்துக்குப் பத்து தடவை அளவுக்கு இறங்கிவிடும். நாம ஒரு மாசம் மாவுக்கட்டு போட்டாலே கால் சூம்பிப் போகுது. கரடி அவ்வளவு நாள் படுத்துக் கிடந்தும் சதை பெரிசா வீணாகாமல் எழுந்து நடக்கும். குட்டி போடுவதும் அந்தக் குகைக்குள்ளேயேதான், நட்ட நடுக் குளிர்காலத்தில். பிறக்கும்போது அரைக் கிலோகூட இருக்காது. அக்கா ஒரு பனி மேட்டைக் காட்டி, "சத்தம் போடாம நடங்க" என்றார். சுற்றுலா வந்த பன்னிரண்டு பேரும் ஹாஸ்டல் வார்டன் ரூமைத் தாண்டுவது போல நடந்தோம்.

அப்புறம் வந்ததுதான் என் ஹீரோ. பனிமான். அதாங்க, சாண்டா கிளாஸ் வண்டியை இழுக்குமே, ரெய்ண்டீர். கையில் ஒரு பிடி லைக்கன் பாசியைக் கொடுத்தார்கள். மான் வந்து என் கையுறையோடு சேர்த்துச் சப்பியது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நாங்கள் எல்லாரும் வாயாலும் மூக்காலும் புகை விட்டுக்கொண்டிருந்தோம். அது புகையே விடவில்லை!

காரணம் கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாலாவது செமஸ்டரில் 'ஹீட் அண்ட் மாஸ் டிரான்ஸ்ஃபர்' பேப்பரில் நான் அரியர் வைத்திருக்கிறேன். இந்த மான் அதே பேப்பரை மூக்கிலேயே வைத்திருக்கிறது. மூக்குக்குள் சுருள் சுருளாக மெல்லிய எலும்புத் தகடுகள், மேலே ரத்தக் குழாய்கள் ஓடுகிற ஈரச் சவ்வு. மைனஸ் 40 டிகிரி காற்று உள்ளே போனாலும் ஒரு விநாடிக்குள் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். வெளியே வரும்போது அந்தச் சூட்டையும் ஈரத்தையும் சவ்வு திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். வெளியேறுவது குளிர்ந்த, காய்ந்த காற்று. அதான் புகை இல்லை. நார்வே விஞ்ஞானிகள் இந்த மூக்கை வைத்துக் கணக்குப் போட்டு ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். எங்க ஹெச்.ஓ.டி. 'கவுன்டர் ஃப்ளோ' என்று போர்டில் ரெண்டு அம்புக்குறி போட்டபோது இந்த மூக்கை ஒரு தடவை காட்டியிருந்தால் நான் நிச்சயம் பாஸ்!

கண் இன்னொரு அதிசயம். கோடையில் உள்ளே தங்க நிறத்தில் மின்னும் படலம், குளிர்கால இருட்டில் நீலமாக மாறிவிடும். மங்கிய வெளிச்சத்தைப் பிடிக்க இந்த ஏற்பாடு. 2013-ல் வெளிவந்த கண்டுபிடிப்பு இது. பொண்ணு மானுக்கும் கொம்பு உண்டு என்பது கூடுதல் தகவல். ஆண்கள் இலையுதிர் காலம் முடிந்ததும் கொம்பை உதிர்த்துவிடுவார்கள், பெண்கள் குளிர்காலம் முழுக்க வைத்திருப்பார்கள். அப்படின்னா சாண்டா வண்டியை இழுக்கிறது யாருன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க தோழீஸ்!

மத்தியானம் மூணு மணியைத் தாண்டியதும் வெளிச்சம் நீலமாக ஆரம்பித்தது. சாப்பாடு வெளியே, நெருப்பைச் சுற்றி. பனி மேல் நேராக நெருப்பு மூட்டினால் அது உருகிக் குழிக்குள் இறங்கிவிடுமாம். அதனால் ஓர் இரும்புத் தட்டு. பிர்ச் மரப் பட்டையை உரித்துப் பற்ற வைத்தார்கள். எண்ணெய்ப் பசை உள்ள பட்டை. ஈரமாக இருந்தாலும் குப்பென்று பிடிக்கிறது. மரக்கட்டை மேல் மான் தோல் விரித்து உட்கார்ந்தோம். முன்பக்கம் வெந்தது, முதுகு உறைந்தது. தோசை மாதிரி அடிக்கடி திரும்பி உட்கார வேண்டியிருந்தது.

கறுத்துப் போன சட்டியில் கொதித்தது 'பிடோஸ்'. சாமி மக்களின் கல்யாண வீட்டுச் சாப்பாடு. நம்ம சாமி இல்லை, இந்த வடக்குப் பகுதியின் பூர்வகுடிகள். பனிமான் கறி, உருளைக்கிழங்கு, கேரட், உப்பு. அவ்வளவுதான் மசாலா. வாசனை வந்ததும்தான் எனக்கு உறைத்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால் என் கையுறையைச் சப்பியதே, அதன் சொந்தக்காரர் யாரோ சட்டியில்!

கிண்ணத்தை வைத்துக்கொண்டு யோசித்தேன். அக்கா பார்த்துவிட்டார். அவர் சாமி குடும்பம். அண்ணன் இன்னும் மந்தை வைத்திருக்கிறாராம். சாப்பிடாவிட்டால் தப்பில்லை என்றார். ஆனால் எதையும் வீணாக்குவதில்லை, கறி, தோல், நரம்பு, கொம்பு எல்லாவற்றுக்கும் வேலை இருக்கு என்றார். சாப்பிட்டேன். ரெண்டாவது கிண்ணமும் சாப்பிட்டேன். ஒரு பச்சைமிளகாய் மட்டும் இருந்திருந்தால்...

அப்போதுதான் அக்கா எழுந்து நின்று, கையை வாயருகே குவித்து, ஊளையிட்டார். நெருப்பு வெடிக்கும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். பிறகு மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். அது முடியுமுன்னே இன்னொன்று, வேற ஸ்ருதியில். அப்புறம் மொத்தக் கூட்டமும். காதில் கேட்டதைவிட நெஞ்சுக்கூட்டில் கேட்டதுதான் அதிகம். பக்கத்தில் இருந்த ஜெர்மன் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் செல்போனில் பதிவு செய்துகொண்டேன், கை நடுங்கியதில் பாதி என் பல் சத்தம்.

இங்கே சில ஓநாய்களைக் குட்டியிலிருந்தே மனிதர்களோடு பழக்கி வளர்க்கிறார்கள். அக்காவுக்கு அவை கிட்டத்தட்டப் பிள்ளைகள். நான் சும்மா கேட்டேன், "வெளியே, இந்த மலைக்கு அந்தப் பக்கம், இது மாதிரி எத்தனை இருக்கும்?"

"இருக்கக் கூடாது" என்றார்.

நார்வேயில் ஓநாய்க்கு 1970-களின் ஆரம்பத்திலிருந்து சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. சிவப்புப் பட்டியலில் மிக மோசமான கட்டத்தில் இருக்கும் மிருகம். ஆனாலும் அது குடும்பம் நடத்த அனுமதி உள்ள இடம், தென்கிழக்கில் ஸ்வீடன் எல்லையை ஒட்டிய ஒரு பகுதி மட்டும்தான். வருஷத்துக்கு 4 முதல் 6 ஈற்றுக் குட்டிகள் போதும் என்று 2016-ல் நாடாளுமன்றமே கணக்குப் போட்டுவிட்டது. வடக்கே வழி தவறி வருகிற ஓநாயைச் சுட அனுமதி கிடைத்துவிடும். ஏன் என்றால், நாட்டில் 2 லட்சத்துக்கும் மேல் வளர்ப்புப் பனிமான்கள். எல்லாம் திறந்த மலையில் மேய்கின்றன. லின்க்ஸும் வுல்வரினும் கழுகும் அடித்துப்போகும் குட்டிகளுக்கே அரசு நஷ்டஈடு கொடுத்து மாளவில்லை. இதில் ஓநாயும் வந்தால் மந்தையே கலைந்து ஓடும், அண்ணன் என்ன செய்வார்?

சரி, தெற்கே இருந்துட்டுப் போகட்டுமே என்றேன். அங்கேதான் சிக்கல். அந்தத் தெற்கு ஓநாய்கள் எல்லாம் நெருங்கின சொந்தம். பழைய ஓநாய்களை வேட்டையாடி ஒழித்த பிறகு, பின்லாந்து-ரஷ்யா பக்கமிருந்து நடந்து வந்த ஒரு ஜோடி 1983-ல் ஸ்வீடனில் குட்டி போட்டது. அப்புறம் சேர்ந்தது இன்னும் ஒன்று. ரொம்ப காலத்துக்கு அந்த மூன்றே மூன்றுதான் மொத்தக் கூட்டத்துக்கும் மூதாதை. புது ரத்தம் வேண்டுமானால் அது கிழக்கிலிருந்துதான் வரணும். வருகிற வழி? இந்தப் பனிமான் மேயும் வடக்கு! அந்த வழியில் தப்பிப் பிழைத்து வருவது அபூர்வம்.

"நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டுவிட்டேன். வாய்க்கொழுப்பு. அக்கா கெட்டிலிலிருந்து காபியை ஊற்றினார். கரி வாசம் அடிக்கும் கறுப்புக் காபி. அதில் ஒரு துண்டு சீஸைப் போட்டுக் கொடுத்தார். (நம்புங்க, நல்லாத்தான் இருந்தது.) பகலில் ஓநாய்க்குச் சாப்பாடு போடுகிறேன், ராத்திரி வீட்டில் அண்ணனோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்றார். "உங்க ஊர்ல எப்படி?" என்று திருப்பிக் கேட்டார்.

சொன்னேன். எங்கள் எஸ்டேட் லயன் வீட்டு வாசலில் சிறுத்தை வரும். நான் ஆறாவது படிக்கும்போது பாட்டி வளர்த்த ஆட்டைத் தூக்கிப் போனது. பக்கத்து எஸ்டேட்டில் ஒரு குழந்தையை. கூண்டு வைத்து ஒரு சிறுத்தையைப் பிடித்துக் கொண்டுபோனபோது நானும்தான் கை தட்டினேன். காலேஜ் சேர்ந்த வருஷம் 'சிறுத்தையைக் காப்போம்' போஸ்டர் போட்டியில் எனக்கு ரெண்டாம் பரிசு. போஸ்டரைப் பார்த்துப் பாட்டி கேட்டார், "இதுல நம்ம ஆடு எங்கடி?" இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் உட்பட. அக்கா சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பும் வழி முழுக்க இருட்டு. 'மூஸ் குறுக்கே வரும்' என்ற எச்சரிக்கைப் பலகைகள் ஹெட்லைட்டில் மின்னி மின்னி மறைந்தன. கம்பளி உள்பேன்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். ஜாக்கெட்டில் புகை வாசம் போக இன்னும் ஒரு வாரமாவது ஆகும், துவைக்க மனசு வரவில்லை.

ரூமுக்கு வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். வால்பாறையில் நடுராத்திரி. அம்மா தூங்கிவிட்டார், பாட்டிதான் எடுத்தார். ஒண்ணும் சொல்லாமல் அந்த ஊளைப் பதிவைப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை.

"ஏ புள்ள, அங்க பக்கத்துல ஆடு மாடு கட்டியிருக்காங்களா?"