எதிர்வுகூறலும் ஒரு சேட்டுத் தெறியும்

நாளை நிகழவிருப்பதை இன்றே அறிய விழைவது மனித இயல்பு. அவ்விழைவின் எல்லையை நான் உணர்ந்தது விரிவுரை மண்டபத்திலன்று. எங்கள் வீட்டு வாயிலிலேயாம்.

சென்ற ஆண்டு ஒரு காலைப்பொழுதில் அப்பா தமது சேட்டுத் தெறியோடு நெடுநேரம் போராடிக்கொண்டிருந்தார். மாதக்கணக்காகவே சோறு அவர் விரலிடையே சிந்திற்று, நடை தள்ளாடிற்று. “வயது போகிறது, அப்பா” என்று இலேசாகச் சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடியவன் நான்.

வயது மட்டுமன்று காரணம். கழுத்தெலும்புகளின் இடைத்தட்டுகள் தேய்ந்து, என்பு விளிம்புகள் வளர்ந்து, முண்ணாண் நெரிவுற்றிருந்தது. அம்மா சாதகத்தோடு சாத்திரியாரிடம் சென்றார். நான் படத்தோடு வைத்திய நிபுணரிடம் சென்றேன். எங்கள் வினா ஒன்றே: சத்திரசிகிச்சை செய்தால் கை திரும்புமா?

“புரட்டாதிக்குப் பின் பூரண சுகம்” என்றார் சாத்திரியார். நிபுணரோ ஓர் அளவுகோலை எடுத்தார். யப்பானிய என்பியல் மருத்துவச் சங்கம் 1975 இல் வகுத்த புள்ளித்திட்டத்தின் வழிவந்தது அது. மூலத்தில் உணவுக் குச்சிகளைக் கையாளும் திறன் கணிக்கப்பட்டது. திருத்திய வடிவில் கரண்டியும் சேட்டுத் தெறியும் அவ்விடத்தைப் பெற்றன. முழுப்புள்ளி 18. 15 முதல் 17 வரை இலேசு. 12 முதல் 14 வரை நடுத்தரம். அதற்குக் கீழே கடுமை. அப்பா பெற்றது 13. நடுத்தர, கடும் நிலைகளுக்குச் சத்திரசிகிச்சையையே 2017 ஆம் ஆண்டின் வழிகாட்டல்கள் பரிந்துரைக்கின்றன.

“தம்பி, வயது, புகைப்பழக்கம், நோயின் கடுமை, அது தொடங்கிக் கடந்த காலம் ஆகியவற்றைக் கொண்டு ஓரளவு கணிக்கலாம். ஆனால் அது பலரைப் பற்றிய கணக்கு. உமது அப்பாவுக்கான வாக்குறுதியன்று. மேலும் மோசமாகாமல் தடுப்பதே முதல் நோக்கம்” என்றார்.

‘தொடங்கிக் கடந்த காலம்’ என்ற சொற்கள் என்னைச் சுட்டன. கடந்துபோன பதினெட்டு மாதங்களில் எத்தனை என் அலட்சியத்துக்கு உரியவை?

முடிவை அப்பாவே எடுத்தார். “தெரியாததைத் தெரியாது என்றவரிடமே கழுத்தைக் கொடுக்கிறேன்” என்று சிரித்தார்.

சத்திரசிகிச்சை முடிந்து ஆறு மாதங்களாகின்றன. நடை உறுதிபெற்றுள்ளது. விரல் நுனிகளின் விறைப்பு முற்றாக நீங்கவில்லை. தெறிகளைத் தாமே மெல்ல மெல்லப் பூட்டுகிறார்; மேற்தெறி மாத்திரம் சில நாட்களில் இணங்க மறுக்கும். அவ்வேளைகளில் நான் வயதைப் பற்றிப் பேசுவதில்லை. பேருந்து போனாற் போகட்டுமென்று அருகில் நிற்கிறேன்.