பென்சில் நிற்கும் இடம்

பொறியியல் முதலாண்டு மாணவருக்கு வழிகாட்ட உட்காரும் சீனியர் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஜூனியர் எந்த இடத்தில் நின்றுபோனான் என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. "என்ன புரியல?" என்று கேட்டால், "எதுவுமே புரியலண்ணா" என்றுதான் பதில் வரும். அதனால் தாளை அவன் பக்கம் தள்ளி, "நீ போடு, நான் பாக்குறேன்" என்பேன்.

இன்ஜினியரிங் கிராபிக்ஸில் முன்தோற்றத்தை எக்ஸ்-ஒய் கோட்டுக்கு மேலே ஒழுங்காக வரைந்துவிடுவான். மேல்தோற்றத்தைக் கோட்டுக்குக் கீழே வரையும்போது பென்சில் நின்றுவிடும். மேலிருந்து பார்ப்பது எப்படிக் கீழே வரும்? நியாயமான கேள்வி, வகுப்பில் கேட்கக் கூச்சம். ஒரு நோட்டை விரித்து, பாதியை மேசையில் கிடத்தி, மறுபாதியைச் செங்குத்தாக நிறுத்துவேன். முன்னால் ஒரு தீப்பெட்டி. முன்தோற்றம் நிற்கிற தாளில் விழும்; மேல்தோற்றம் கிடக்கிற தாளில் விழும். தீப்பெட்டியை எடுத்துவிட்டு, நோட்டைத் தூக்கி, கிடந்த பாதியைக் கீழ்நோக்கித் திருப்பினால் இரண்டும் ஒரே தளமாகிவிடும். நடு மடிப்புதான் எக்ஸ்-ஒய் கோடு. மேல்தோற்றம் அதற்குக் கீழே இருப்பதை அவனே பார்த்துவிடுவான். பென்சில் மறுபடி ஓடும்.

2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியலுக்கு வருகிறவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். கணக்கு தெரியும்; கேள்வித்தாளின் ஆங்கிலம்தான் மிரட்டும். தமிழில் விளக்கினால் முகம் தெளியும். அதோடு விட்டுவிட்டால் தேர்வில் கைகொடுக்காது. புரிந்ததை அவர்களையே இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதச் சொல்ல வேண்டும். பிழையோடு எழுதட்டும், திருத்திக்கொள்ளலாம்.

எங்கே உட்காருகிறோம் என்பதும் முக்கியம். தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. ஆனாலும் சீனியர் அறைக்குக் கூப்பிட்டால் ஜூனியருக்கு வயிறு கலங்கும். நூலக மேசையோ திறந்த வகுப்பறையோதான் சரி. சாப்பிடாமல், தூங்காமல், ஊருக்கே போய்விடுகிறேன் என்று அழுகிறவனுக்கு அறிவுரை வேண்டாம். அன்றைக்கே பொறுப்பாசிரியரிடம் கூடவே போக வேண்டும்.

வழிகாட்டிகளைத் தேர்ந்தெடுக்கும் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். முதல் மதிப்பெண்காரர்களை மட்டும் பார்க்காதீர்கள். கிராபிக்ஸில் அரியர் வைத்து, மறுபடி உட்கார்ந்து படித்துத் தேறியவர்களையும் சேருங்கள். பென்சில் எங்கே நிற்கும் என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.